இலையும் தும்பும் சென்ற வழி

கண்டி நகரிலிருந்து கம்பளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை பேராதனையைக் கடந்து, மகாவலி கங்கையின் போக்கை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்கின்றது. அவ்வழியில் உள்ள சிற்றூர் கெலிஓயா. புகையிரதமும் அங்கே நின்று செல்லும். ஊரைச் சூழ்ந்த பகுதி உடுநுவர என்னும் பழம்பெரும் நாடு. 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசர் காலத்தில், கடலாதெனிய, லங்காதிலக ஆகிய திருத்தலங்கள் எழுந்த நாடு அது. அந்நாட்டுக் கிராமங்களில் ஒன்று எலதெத்த. கெலிஓயாவின் அண்டையிலே, வயலும் தோட்டமுமாக அமைதியோடு கிடக்கும் அவ்வூரில் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே ஓர் ஆங்கிலேயக் கைதி வாழ்ந்தான். அவன் கண்டறிந்த ஓர் இலையின் கதையும், நம் வீட்டுக் கொல்லைகளில் எறியப்பட்ட தேங்காய் மட்டையின் கதையும் நெடுந்தூரம் சென்று ஓரிடத்திற் கூடிய வரலாறு, நேயர்கள் கேட்டுச் சிந்திப்பதற்கு உரியது.

கண்டி மலைநாட்டுக்குப் பிறநாட்டுச் செடிகள் வந்த வரலாற்றைப் பள்ளி மாணவரும் அறிவர். 1821இல் பேராதனையிற் பூந்தோட்டம் நிறுவப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் தேயிலை பயிரிட்டார். கோப்பியும் கொய்னாவும் வந்தன. கோப்பி அழிந்தது, தேயிலை நிலைத்தது. இவையெல்லாம் வந்தவற்றின் கதை. இங்கிருந்து போனவற்றின் கதை அத்துணை அறியப்பட்டதன்று. போனவற்றுள் ஒன்று கஞ்சா பற்றிய அறிவு, மற்றொன்று தும்புத்தூள்.

1660ஆம் ஆண்டு, 'ஆன்' என்னும் ஆங்கிலேயக் கப்பல் புயலால் பாய்மரம் இழந்து, திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. கப்பற்தலைவரும், 19 வயதினனான அவர் மகன் ரொபேட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். சிறை என்றால் நாற்சுவர்ச் சிறையன்று. கிராமங்களிலே பிரித்து விடப்பட்டு, அரசன் ஆணையின்றி நாட்டைவிட்டு நீங்க இயலாத நிலை அது. ஓராண்டு நிறையுமுன் தந்தை காய்ச்சலால் மாண்டார். மகனே அவரை அடக்கம் செய்தான். பின்னர் தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் அவன் பிழைத்தான். ஈற்றில் எலதெத்தவில் 25 லாரின் விலைக்கு ஒரு துண்டு நிலம் வாங்கிக் குடியமர்ந்தான்.

குடியமர்ந்தானேயன்றித் தப்பிச் செல்லும் எண்ணம் அவனை விட்டு நீங்கவில்லை. வழியறிவதன் பொருட்டு, சிறு வணிகன் போலப் பொருட்களைச் சுமந்துகொண்டு, தோழன் ஒருவனோடு வடக்கே உலர்ந்த நாட்டுக்குப் பலமுறை போய்வந்தான். அங்கே அவர்களை வருத்தியவை காவலருமல்ல, யானையுமல்ல, குளத்து நீரே. கோடையில் வற்றிக் கலங்கிய நீரைப் பருகியதனாற் குளிர்காய்ச்சல் கண்டது. மலைநாட்டுக்குத் திரும்பிய பின்னும் அது விடவில்லை. இவ்வாறு பன்முறை நோயுற்றபின், அந்நாட்டார் அறிந்த ஒரு மருந்தை அவர்கள் தெரிந்துகொண்டனர். போர்த்துக்கேயர் 'பாங்கு' என்று வழங்கிய இலையை உலர்த்திப் பொடித்து, வெல்லத்தோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்பதே அம்மருந்து. தலை சற்றுக் கிறுகிறுக்கும், வேறு தீங்கில்லை, அதன்பின் நோய் வரவில்லை என்பது நொக்ஸ் எழுதிவைத்த செய்தி.

கலங்கல் நீரினால் வரும் காய்ச்சலைக் கஞ்சா நீக்கும் என்று இக்கால மருத்துவம் ஒப்புவதில்லை. உலர்ந்த நாட்டின் குளிர்காய்ச்சல் பெரும்பாலும் நுளம்பினாற் பரவும் மலேரியா என்பதும் பின்னாளில் தெளிவாயிற்று. எனினும் இக்குறிப்பில் கவனிக்கத் தக்கவை மூன்று உள. இலைக்கு ஓர் அளவு இருந்தது. அதற்கு ஒரு வேளை இருந்தது. அதை உண்பதற்கு ஒரு காரணமும் இருந்தது. நாட்டார் அதனைக் களிப்புக்கு உரிய பொருளாக அந்த அந்நியனுக்குக் காட்டவில்லை, மருந்தாகவே காட்டினர்.

இதிலே ஒரு வியப்பும் உண்டு. நொக்ஸ் ஏறிவந்த கப்பலின் கயிறுகள் எதனாலானவை? அக்கால ஆங்கிலேயக் கப்பல்களின் வடங்களெல்லாம் சணலை ஒத்த ஒரு நாரினால் முறுக்கப்பட்டவை. அந்நாரைத் தரும் செடியும் கஞ்சாச் செடியும் ஒரே இனத்தன. குளிர்நாட்டிலே தண்டு நீண்டு நாராகப் பயன்பட்ட செடி, வெப்பநாட்டிலே இலையும் பூவும் செறிந்து மருந்தாகப் பயன்பட்டது. சிறுவயது முதல் அந்த வடத்தைக் கையாற் பற்றி வந்த மாலுமி, அதன் உறவான இலையை உடுநுவரத் தோட்டங்களில் வாழ்ந்த காலத்திலேதான் உண்ணக் கற்றான்.

1679 செப்டெம்பர் மாதம் எலதெத்தவை விட்டு நீங்கிய நொக்ஸும் தோழனும் அநுராதபுரத்தை அடைந்து, மல்வத்து ஓயாவின் கரை வழியே காட்டினுள் நடந்தனர். தமிழர் அருவியாறு என வழங்கும் ஆறு அதுவே. ஒக்டோபர் 18ஆம் நாள் மன்னாரை அடுத்த அரிப்பிலே இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றனர். இலண்டன் திரும்பிய நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் ரொபேட் ஹூக். உயிர்களின் உடலில் உள்ள 'செல்' என்னும் நுண்ணறைக்குப் பெயர் வைத்த விஞ்ஞானி அவர்.

பல ஆண்டுகள் கழித்து, இலண்டன் கோப்பிக் கடை ஒன்றிலே இவ்விருவரும் இந்த இலையைப் பற்றி உரையாடினர். நொக்ஸ் கொடுத்த இலையையும் விதையையும் எடுத்துக்கொண்டு, 1689 டிசெம்பர் 18ஆம் நாள் ஹூக் வேத்தியற் கழகத்தில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். முகமதியர் இதனைக் 'கங்கே' என்றும், சிங்களவர் 'கொம்சா' என்றும், போர்த்துக்கேயர் 'பாங்கு' என்றும் வழங்குவர் என அவர் பெயர்களை முறையே கூறினார். ஒரு புகைக்குழாயை நிரப்பும் அளவே உண்ணத் தக்கது என்றார். உண்டவர் சிரிப்பர், பாடுவர், பொருளின்றிப் பேசுவர். பின்னர் உறங்கி எழுந்து நல்ல பசியோடு இருப்பர் என்று விளக்கினார். ஐரோப்பிய விஞ்ஞானக் கழகமொன்றில் கஞ்சாவின் இயல்பு விரிவாக ஆராயப்பட்ட முதற் சொற்பொழிவுகளுள் இதுவும் ஒன்று. கண்டிநாட்டு மக்களின் பேச்சுவழக்குச் சொல் ஒன்று அந்த அவையில் ஒலித்தது.

ஹூக் அத்துடன் நிற்கவில்லை. அவ்விதையை இளவேனிலில் ஊன்றி, ஆங்கில மண்ணில் முளைத்து வளருமாவெனப் பார்க்க விரும்பினார். வெப்பநாட்டுச் செடியைக் குளிர்நாட்டில் மருந்துக்காக வளர்க்க எண்ணிய அவ்வெண்ணமே, பின்னாளில் அறைக்குள் விளக்கொளியில் வளர்க்கும் முறை வரையும் சென்ற நீண்ட வழியின் தொடக்கம் எனலாம்.

நம்மவரோ அதனை வளர்ப்பதற்கு அறை தேடவில்லை. ஆயுள்வேத நூல்கள் விஜயா என்ற பெயரால் அதனைப் போற்றின. தமிழ்ச் சித்த வைத்தியரும் கஞ்சாவைச் சுத்தி செய்தே மருந்திற் சேர்த்தனர். சுத்தி என்பது நச்சுத்தன்மையைக் குறைக்கும் முறை. சேங்கொட்டைக்கும் நாபிக்கும் போலவே கஞ்சாவுக்கும் அது விதிக்கப்பட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை நம் வைத்தியர் வாயாற் கூறியதோடு அமையாது, தம் தராசிலும் நிறுத்திக் காட்டினர்.

19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டு மருத்துவமும் இதனைக் கைக்கொண்டது. கல்கத்தாவிற் பணியாற்றிய வைத்தியர் ஓஷானசி, வலிப்புக்கும் ஏற்பு நோய்க்கும் கஞ்சாவைப் பயன்படுத்திய முறைகளை 1839இல் வெளியிட்டார். இலண்டன் மருந்துக் கடைகளில் அதன் சாரம் விற்கப்பட்டது. 1893இல் இந்திய அரசு அமைத்த ஆணைக்குழு எழுவர் கொண்டது. அது 1,193 சாட்சிகளை விசாரித்து அடுத்த ஆண்டு அறிக்கை அளித்தது. மிதமாகக் கொள்வதனாற் பெருந்தீங்கு இல்லை. மிகுதியாகக் கொள்வதே தீங்கு. முற்றாகத் தடுப்பதினும் வரி விதித்துக் கட்டுப்படுத்துவதே நன்று என்பது அதன் முடிவு.

காலம் மாறிற்று. 1925இல் ஜெனீவாவில் ஒப்புக்கொள்ளப்பட்ட சர்வதேச உடன்படிக்கை கஞ்சாவையும் அபினோடு சேர்த்தது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க, நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. செடியை வளர்ப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாயின. 1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் நாட்டு வைத்தியத்தைப் பேணியது. ஆயினும் மருந்துக்கு வேண்டிய இலை எங்கிருந்து வரும்? நீதிமன்றங்கள் கைப்பற்றிய கஞ்சாவே மருந்து செய்வதற்கு வழங்கப்பட்டு வந்தது. வழக்கு முடியுந்துணையும் களஞ்சியத்திற் கிடந்த இலை பழசாகும். அதன் வீரியமும் குன்றும். ஒரு காலத்தில் வைத்தியர் தம் கண்முன் பறித்து, நிழலில் உலர்த்தி, நிறுத்துக் கொண்ட பொருள், குற்றவாளிக் கூண்டின் வழியாக மருந்துச் சாலைக்கு வந்து சேர்ந்தது.

இனி மற்றப் பொருளைக் காண்போம். தென்னை மட்டையிலிருந்து தும்பெடுத்துக் கயிறு திரிப்பது இந்துமாக் கடற்கரையின் தொன்மையான தொழில். இரும்பாணி அடியாது, பலகைகளைத் தும்புக் கயிற்றாற் தைத்த கப்பல்களே பன்னூற்றாண்டு காலம் இக்கடலில் ஓடின. கயிறு என்னும் நம் சொல்லே போர்த்துக்கேயர் வாயிற் புகுந்து, ஆங்கிலத்தில் 'கொயர்' ஆயிற்று. நாரைத் தரும் செடி நனைந்தால் அழுகும் என்று தார் பூசிய மேல்நாட்டார், உப்புநீருக்கு அஞ்சாத தும்பைக் கண்டு வியந்தனர்.

ஆனால் மட்டையில் தும்பு மிகச் சிறுபங்கே. நாரை நீக்கினால் எஞ்சுவது நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. கபில நிறமான, பஞ்சு போன்ற அத்தூளைத் தமிழர் தும்புச்சோறு என்பர். சிங்களவர் 'கொஹு பத்' என்பர். பத் என்பதும் சோறே. இரு மொழியினரும் ஒரே உவமையைக் கண்டனர். ஆயினும் அச்சோற்றை உண்பார் எவருமிலர். குருநாகல், புத்தளம் மாவட்டங்களின் தும்பு ஆலைகளின் அருகே அது குன்று குன்றாகக் குவிந்து, மழையில் நனைந்து, பல்லாண்டு காலம் கிடந்தது.

அதன் பயனை முதலிற் கண்டு பேசியவர்களும் இலண்டன் தோட்டக்காரர்களே. தும்புப் பாய் நெய்வதற்காக அங்கு இறக்குமதியான மட்டையின் கழிவை, செடி நாட்டும் மண்ணாகப் பயன்படுத்தலாம் என 1860களின் தொடக்கத்தில் அவர்கள் கண்டனர். தாவரவியலறிஞர் ஜோன் லிண்ட்லி அதனைக் குறித்து எழுதினார். ஆயினும் சில ஆண்டுகளில் அவ்வார்வம் தணிந்தது. காரணம் உப்பு. தென்னை கடலோர மரம். அதன் மட்டையிற் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. கழிமுக நீரில் ஊறிய மட்டையில் உப்பு இன்னும் கூடும். கழுவாத தூளில் ஊன்றிய செடி வாடும். நன்னீரிற் பலகாற் கழுவி, சுண்ணச் சத்தூட்டி ஆறவிட்டால் அதே தூள் தன் எடையைப்போல் பன்மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். வேருக்குக் காற்றையும் விடும். இந்த உண்மை தெளிந்து, 1980களில் ஒல்லாந்து நாட்டுக் கண்ணாடி வீடுகளில் ரோசாவும் தக்காளியும் தும்புத்தூளில் வளரத் தொடங்கியபோதுதான் நம் குன்றுகள் அசைந்தன. ஐரோப்பியச் சதுப்பு நிலங்களை வெட்டி எடுக்கும் கரிமண் அருகி வந்ததும் அதற்குத் துணையாயிற்று. எறிந்த தூள் கழுவப்பட்டு, உலர்த்தப்பட்டு, செங்கல் போல அழுத்தப்பட்டுக் கப்பலேறியது.

ஆக, கஞ்சாவுக்குச் சுத்தி, தும்புத்தூளுக்கும் சுத்தி. நஞ்சு நீக்கிய பின்னரே இரண்டும் பயன் தந்தன.

இவ்விரண்டும் சந்தித்த இடம் மேல்நாட்டு வீடுகளின் நிலவறை. ஏன் அறைக்குள் வளர்த்தனர்? ஒன்று, சட்டத்தின் கண்ணுக்கு மறைய; மற்றொன்று, பகலையும் இரவையும் தம் விருப்பப்படி அமைக்க. 1912இல் யூலியன் தூர்னுவா என்னும் பிரெஞ்சு இளைஞர், சணற்கஞ்சாச் செடி பூப்பது பகலின் நீளத்தைச் சார்ந்தது எனக் கண்டார். பகல் சுருங்கி இரவு நீண்டாலே அது பூக்கும். இரண்டாண்டின் பின் அவர் முதலாம் உலகப் போரிலே மாண்டார். அவர் தொடங்கிய ஆராய்ச்சியை 1920இல் அமெரிக்க விஞ்ஞானிகள் விரிவாக நிறுவினர். இலண்டன் கோடையில் பகல் பதினாறு மணி நேரத்தையும் தாண்டும். வெப்பநாட்டுக் கஞ்சா அங்கே ஓங்கி வளர்ந்துகொண்டே இருக்கும். பூக்கும் காலம் வருமுன் குளிர் வந்துவிடும். ஹூக்கின் விதைக்கு இலண்டன் வானம் இசைந்ததன்று.

எனவே அறைக்குள் வளர்ப்போர் செடி வளர்ந்தபின் பன்னிரண்டு மணி நேரம் விளக்கேற்றி, பன்னிரண்டு மணி நேரம் இருளாக்கினர். இது எந்நாட்டுப் பகல்? நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே உள்ள கண்டியில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே. ஆம்ஸ்ரடாமின் நிலவறையில் மின்விளக்கினாற் செய்த பகல் கெலிஓயாவில் இயல்பாய் உதிக்கும் பகலே. அங்கே வேரூன்றிய தூளும் நம் தென்னையின் தூளே. கண்டிநாட்டுப் பகலையும் இலங்கை மண்ணையும் போலியாகப் படைத்து, அதில் அச்செடியை வளர்த்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் ஒன்று மட்டும் அங்கே போகவில்லை, அதுவே அளவு. 1964இல் இஸ்ரேலிய விஞ்ஞானிகள் கவோனியும் மெக்கூலமும் மயக்கம் தரும் மூலப்பொருளைப் பிரித்து அறிந்தனர். பின்னர் அப்பொருள் மிகும்படியே செடிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. அமெரிக்க அரசு கைப்பற்றிய கஞ்சாவில் அப்பொருள் 1995இல் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருந்தது. 2014இல் அது பன்னிரண்டு பங்கு அளவாயிற்று. நொக்ஸ் வெல்லத்தோடு உண்ட இலைத்தூளையும் இன்றைய அறைப்பயிரின் பூவையும் ஒரே பெயரால் அழைப்பது, கள்ளையும் வடித்த சாராயத்தையும் ஒன்றென்பது போலாகும். மூளை முதிராத இளம்பருவத்தில் இதனை இடையறாது கொள்வோர்க்கு நினைவு குன்றுதலும் மனநோயும் நேரக்கூடும் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். பாக்கு நீரிணையைக் கடந்து வடபகுதிக் கரைகளில் இறக்கப்படும் கேரளக் கஞ்சாவினால் எத்தனையோ இளைஞரின் படிப்பும், எத்தனையோ தாய்மாரின் உறக்கமும் கெட்டதை நம் நாடு அறியும்.

உலகின் போக்கு மீண்டும் மாறி வருகின்றது. கனடா 2018இல் இதனைச் சட்டத்துள் கொண்டுவந்தது. வலிப்பு நோய்க்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த, மயக்கம் தராத ஒரு மருந்தை அமெரிக்கா அதே ஆண்டில் ஏற்றது. 2020 டிசெம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 27க்கு 25 என்ற வாக்குக் கணக்கில், கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. இலங்கையிலும் 2025இல், ஏற்றுமதிக்கு மட்டுமாக, மீரிகமையில் முதலீட்டாளர் சிலர் வேலியிட்ட காவலுக்குள் பயிரிட அரசு இசைந்தது. நாட்டினுள் விற்கவும், வீட்டில் வளர்க்கவும் உள்ள தடை நீங்கவில்லை. ஹூக் ஊன்ற விரும்பிய விதை மூன்று நூற்றாண்டுக்கு மேல் உலகைச் சுற்றி, அந்நிய முதலீட்டின் துணையோடு, தன் பகலும் தன் மண்ணும் உள்ள நாட்டுக்குத் திரும்புகின்றது.

திரும்புவது நன்றோ தீதோ என்பதை வருங்காலம் காட்டும். ஆயினும் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றது. எறிந்த தும்புச்சோற்றின் விலையை அந்நியர் சொன்ன பின்னரே நாம் அறிந்தோம். இலையின் குணத்தையும் அவர்கள் ஆராய்ந்து எழுதிய பின்னரே நம் பழைய ஏடுகளைப் புரட்டுகின்றோம். வெளிநாட்டார் பொருளை வாங்கினர். இலையின் வீரியத்தை ஏற்றினர். அதன் அளவை விட்டுவிட்டனர். நாமும் அதன் விலையை மட்டும் எண்ணி அளவை மறந்தால், நம் கிராமத்தார் அறிந்ததிற் பாதியையே மீட்டவராவோம்.

எலதெத்தவில் நொக்ஸ் வாழ்ந்த வீடு இன்றில்லை. கெலிஓயாவின் அண்டை ஊர்களில் இன்று மிளகுக் கொடியையும் கறுவாக் கன்றையும் தும்புத்தூள் கலந்த பைகளில் முளைக்க வைக்கின்றனர். மகாவலியின் மேல் காலை ஆறு மணி அளவிற் பொழுது புலர்கின்றது. மாலை ஆறு மணி அளவிற் சாய்கின்றது. நல்லதொன்று வளர அந்தப் பகலும் அந்த மண்ணும் போதும். எதனை, எவ்வளவு, எதற்காக வளர்ப்பது என்பதே நாம் தீர்க்க வேண்டிய வினா.